தோள் மாற்றும் நேரம்

வைணவத் திருக்கோயில்களில் பெருமாள் எழுந்தருளும் பல்லக்கு வகை ஒன்றுக்குத் 'தோளுக்கினியான்' என்று பெயர். சுமையையே தோளுக்கு இனியவன் என்று அழைத்த அந்த உள்ளத்தை என்னென்பது! எனினும், புறப்பாட்டை அருகிலிருந்து கவனித்த அன்பர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் வீதி முழுவதும் ஒரே தோளில் சுமப்பதில்லை. இடையிடையே நின்று தோள் மாற்றிக்கொள்வார்கள். இளைத்தவர் விலக, வேறொருவர் வந்து தண்டுக்குத் தோள் கொடுப்பார். பல ஆண்டுகள் இந்தக் கைங்கரியத்தைச் செய்தவர்களின் தோளில் காய்த்துப்போன மேடு ஒன்று இருக்கும். பகவானையே சுமந்தாலும் தோள் தன் இயல்பை விட்டுவிடுவதில்லை.

இப்பகுதிக்குக் கடிதம் எழுதும் மூத்த அன்பர்களில் பலர் முழங்காலுக்கு அடுத்தபடியாகக் குறிப்பிடுவது மேல்முதுகு வலியையும் தோள்வலியையும்தான். "மாத்திரை போட்டால் போய்விடுகிறது, பத்து நாளில் திரும்பி வந்துவிடுகிறது" என்பதே பெரும்பாலோரின் குறை. அறுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவர், "சந்நிதியில் எல்லோரும் தலைக்குமேல் கை குவிக்கும்போது என்னால் நெற்றி வரைகூட உயர்த்த முடியவில்லை" என்று எழுதியிருந்தார். கூந்தலை முடிந்துகொள்ளவும் மருமகள் உதவி வேண்டியிருக்கிறதாம். கை எழாமல் போவது இப்படித்தான் ஒருவரின் வழிபாட்டையும் தன்மானத்தையும் ஒருசேரத் தொட்டுவிடுகிறது.

போய்விட்டுத் திரும்பி வரும் இந்த வலியின் இயல்பை எனக்கு விளங்கவைத்தவர்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் மக்கள். சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் சாலை அங்கே கொண்டு விடும். திருப்பாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு அப்படியே கிழக்கே சென்று, செந்நிறச் செம்புராங்கல்லால் எழுப்பிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும், அதில் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியுள்ள இராமாயணக் காட்சிகளையும் கண்டு வந்த அன்பர்கள் இருக்கலாம். காணாதவர்கள் ஒருமுறை சென்று வாருங்கள். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடன் தொடர்பாக அவ்வூர்களுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன்; ஓய்வு பெற்றபின் தரிசனத்துக்காகவும் செல்வதுண்டு.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது பழவேற்காடு. பரப்பில் பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவே இருக்கும். ஆகவே அங்கே படகைக் கழி ஊன்றித் தள்ளிச் செல்வதைக் காணலாம். கழியை ஊன்றும்போது இரு கைகளும் தோளுக்குமேல் எழுகின்றன. தள்ளும்போது உடலின் பாரம் முழுவதும் தோள்பட்டையில் இறங்குகிறது. வீச்சு வலை எறிபவரோ, ஓரமெங்கும் ஈயக் குண்டுகள் கோத்த வலையை ஒரு தோளில் ஏற்றி, உடலைத் திருகி வீசுகிறார். நனைந்த வலை மேலும் கனக்கும். வீசுவது எப்போதும் அதே கை, திருகுவதும் அதே பக்கம். கரைக்கு வந்தபின் கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு, கழுத்தைக் குனிந்தபடி மணிக்கணக்கில் பொத்துகிறார்கள்.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது கையால் இறால் பிடிக்கும் பெண்களின் உழைப்பு. இருளர் சமூகத்துப் பெண்கள் பலர் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். படகோ வலையோ இல்லை. ஆழமற்ற நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடுவதற்குப் 'பறி' என்னும் பனையோலைக் கூடை. இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால் அந்தப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். கைகள் கீழே துழாவ, முகம் நீருக்குமேல் நிமிர்ந்திருக்க, தாடையில் கூடை தொங்க, சில மணி நேரம் அப்படியே இருந்து பாருங்கள் என்று நம்மில் எவரிடமும் சொல்ல முடியாது. கழுத்தின் பின்புறத்திலிருந்து இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே வரை உள்ள தசைகள் ஓய்வின்றி இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன.

அங்கே ஒரு மூதாட்டியிடம், வலிக்கு என்ன செய்வீர்கள் அம்மா என்று கேட்டேன். "மூணு நாள் தண்ணில எறங்கலன்னா தானா சரியாப் போவுது, ஐயா. நாலாம் நாள் எறங்கினா மறுபடி வந்துடுது. வலிக்கின்னு வீட்ல குந்தினா வயிறு சும்மா இருக்குமா?" என்றார். திரும்பி வரும் வலியைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. மருந்து வலியைத் தணிக்கிறது. வலியை உண்டாக்கிய செயல் மறுநாளும் தொடர்கிறது. வலியும் தொடர்கிறது.

இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி பல மருத்துவமனைகளில் கேட்கப்படுவதில்லை. ஆகவே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'நான் ஓய்வு பெற்றவன், எனக்கு ஏது தொழில்?' என்று எண்ண வேண்டாம். நாள் முழுவதும் நம் கைகள் என்ன செய்கின்றன, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்குத் தோளின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. உடலில் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை உறுதிக் குறைவு. இடுப்பு மூட்டில் எலும்பு ஆழ்ந்த கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ, சிறு தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போல் பெரிய உருண்டை ஒரு சிறிய குழியை ஒட்டி நிற்கிறது. நான்கு தசைகளின் நாண்கள் அதனை உறைபோல் சூழ்ந்து, நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன. தோள்பட்டை எலும்போ விலா எலும்புகளின்மேல் தசைகளின் பிடியிலேயே மிதந்து நிற்கிறது. கையைத் தலைக்குமேல் முழுமையாக உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பு முதுகில் சறுக்கித் திரும்புவதாலும் நிகழ்கிறது. கூன் விழுந்து முதுகு வளைந்தால் அந்தச் சறுக்கல் தடைபடும். எனவே கை எழாததற்குக் காரணம் கையில் மட்டுமல்லாமல் முதுகிலும் இருக்கக்கூடும். மேல்முதுகையும் தோளையும் ஒன்றாகவே பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

இனி நம் வீட்டு வாழ்க்கையைப் பார்ப்போம். மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை உடையது. நிமிர்ந்து அமர்ந்திருந்தால் அந்த எடை முதுகெலும்பின்மேல் நேராக இறங்கும். கைப்பேசியை மடியில் வைத்து உபந்நியாசம் கேட்கும்போது தலை முன்னே தொங்க, பிடரித் தசைகள் அதனை இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. ஒன்றரை மணி நேர உபந்நியாசம் முடிந்து எழுந்ததும் 'தோள்பட்டை நடுவே ஆணி அடித்தாற்போல்' இருக்கிறது என்கிறோம். பாராயணமும் அப்படியே. தரையில் புத்தகத்தை வைத்துக் குனிந்து படிப்பதைத் தவிர்க்கத்தான் வியாசபீடம் என்னும் மடக்குப் பலகையை நம் பெரியோர் வைத்துக்கொண்டார்கள். அதை ஒரு மணையின்மேல் ஏற்றி, எழுத்து கண்ணுக்கு நேரே வரும்படி வைத்தால் இன்னும் நன்று. பூத்தொடுப்பது, காய் நறுக்குவது, கோலமிடுவது, ஒரே தோளில் பையை மாட்டி அதில் தேங்காய், எண்ணெய், தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் திணித்துப் பிரதோஷத்துக்குச் செல்வது ஆகியவை எல்லாம் சேரும். எங்கள் காலத்து வங்கிகளில் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேரேட்டில் எழுதுவோம். மாலையில் எல்லோருக்கும் இடத்தோள் வலிக்கும். குளிர்சாதனத்தைக் குறை சொல்வோம்!

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களில் எந்த ஊரார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஏரியின் செல்வத்தைச் சண்டையின்றிப் பங்கிடவே அது ஏற்பட்டது. ஆயினும் முறை இல்லாத நாளில் கைகளுக்கும் சற்று ஓய்வு வாய்க்கிறது என்பது என் எண்ணம். பாட்டில் பங்கில்லாத, கையால் துழாவும் பெண்களுக்கு அதுவும் இல்லை. அந்நாளைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களும் இந்த உண்மையை அறிந்தவர்களே. சுமைக்காரர் குனியாமல், பிறர் உதவியின்றி, தலையிலுள்ள மூட்டையை அப்படியே சாய்த்து வைக்கும் உயரத்தில் அக்கல் இருக்கும்.

நம் வீட்டில் அந்தக் கல்லை நாமே நட்டுக்கொள்ள வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தோள்களை ஒருமுறை உயர்த்தி, பின்னுக்குச் சுழற்றி, இறக்கி விடுங்கள். பூத்தொடுப்பவர்கள் பூக்கூடையை மடியிலிருந்து மேசைக்கு மாற்றிக்கொள்ளலாம். பையைப் பாதி வழியில் மறுகைக்கு மாற்றலாம். எளியதாயிற்றே என்று இகழ வேண்டாம். திரும்பி வரும் வலிக்கு, தைலத்தைவிட இந்த மாற்றமே நீடித்த பயன் தரும் என்பது பலரிடம் கண்டு தெளிந்தது.

இங்கே நிறுத்தி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தோளில் தெரியும் வலியெல்லாம் தோளின் வலி அல்ல. இதய நோயின் வலி இடத்தோளிலும், கையிலும், தாடையிலும், தோள்பட்டைகளின் நடுவிலும் தெரியக்கூடும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் இவை மட்டும் வருவதுண்டு. இதை 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணி, இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்து உயிரை இழந்த குடும்பத் தலைவர்களை நான் அறிவேன். கையை அசைத்தால் கூடவோ குறையவோ செய்யும் வலி பெரும்பாலும் தசையையும் மூட்டையும் சார்ந்தது. கையை எப்படி வைத்தாலும் மாறாமல், நடந்தாலோ படியேறினாலோ வந்து, நின்றால் தணியும் வலி இதயத்தைச் சார்ந்ததாக இருக்கலாம். வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்துவிட்டால் தைலப் புட்டியைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

எண்ணெய்ப் பலகாரம் உண்டபின் வலத் தோள்பட்டையின்கீழ் வலித்தால் பித்தப்பையைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு வலித்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு; நம்பிக்கை உள்ளவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால்தான் அதற்குரிய மாத்திரை நன்கு பயன்படும். தாமதித்தால் வலி மாதக்கணக்கில் தங்கிவிடலாம். வாளியைத் தூக்கியபோது முதுகில் சட்டென்று பிடித்து, படுத்தாலன்றித் தீராத வலி, எலும்புத் தேய்வினால் முள்ளெலும்பு நசுங்கியதன் அறிகுறியாகலாம். வயதான பெண்களுக்கு இது மிகுதி. மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகுவலி எனில் முதுகெலும்புக் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும். விரல்கள் மரத்தாலோ கைப்பிடி தளர்ந்தாலோ குற்றம் கழுத்து நரம்பில் இருக்கலாம்.

மேலே குறிப்பிட்ட அம்மையாரின் நிலை 'உறைந்த தோள்' என்பதாகத் தோன்றுகிறது. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் இப்பெயரை இட்டார். ஜப்பானியர் இதனை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே அழைக்கிறார்கள். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கிவிடுவதே நோய். முதலில் வலி, குறிப்பாக இரவில். பிறகு வலி குறைந்து இறுக்கம். அதன்பின் மெல்ல மெல்ல இளகுதல். ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்வரை இது நீளக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது. ஆதலால் தோள் இறுகியவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம். வீட்டிலேயே அறிய ஒரு குறிப்பு: உங்களால் உயர்த்த முடியாத கையை மற்றொருவர் மெல்லத் தூக்கினாலும் எழவில்லையென்றால் மூட்டு உறைந்திருக்கலாம். அவர் தூக்கினால் எழுகிறது, நீங்கள் தூக்கினால் எழவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். படம் எடுத்துப் பார்த்ததில் கிழிசல் இருக்கிறது என்றதும் கலங்க வேண்டாம். அறுபதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய கிழிசல் இருப்பதுண்டு.

உறைந்த தோளுக்குக் காட்மன் பெயராலேயே வழங்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னே குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிடுங்கள். கோயில் மணியின் நாக்கு ஆடுவதுபோல் அது முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆடட்டும். தோளின் வலுவால் ஆட்டாமல் உடலை மெல்ல அசைத்து ஆடவிடுவதே முறை. அடுத்து, சுவரை நோக்கி நின்று விரல்களாலேயே மேலே நடந்து செல்லுங்கள். இன்று எட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். வாரம் ஒருமுறை புதுக்கோடு. மேல்முதுகுக்கு, இரு தோள்பட்டைகளையும் பின்னுக்கு இழுத்து ஒன்றையொன்று நெருங்கச் செய்து ஐந்து எண்ணும்வரை வைத்து விடுவது. பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. இதமான வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். இரவு உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு மறுநாள் வலித்தால் மிகையாகச் செய்துவிட்டோம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். கை சீராகும்வரை அங்கப்பிரதட்சணத்தை ஒத்திவைக்கலாம். மார்பளவில் குவித்த கையையும் இறைவன் ஏற்றுக்கொள்வான். அம்மையார் அதற்காக வருந்த வேண்டாம்.

நொச்சி இலையோ கல்லுப்போ துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம் நல்லது. பயிற்சிக்கு முன்னர் பதினைந்து நிமிடம் கொடுத்தால் தசை இளகும். நீரிழிவால் தோல் மரத்தவர்கள் சூட்டைப் பிறர் கையால் சோதித்த பின்னரே வைத்துக்கொள்ள வேண்டும். வலி நிவாரண மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது மூத்தவர்களின் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் 'மூலிகைச் சூரணம்' ஒரே வேளையில் வலியைப் போக்கினால் மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முறிவு ஏதும் இல்லாத தோளை வாரக்கணக்கில் கட்டி வைத்தால் இறுக்கம் மிகும். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைச் சட்டென்று திருகும் கைகளுக்கு நம் வயதில் கழுத்தைக் கொடுக்கவே கூடாது.

உறங்கும்போது வலிக்கும் தோளின்மேல் ஒருக்களிக்க வேண்டாம். நல்ல பக்கமாகப் படுத்து, வலிக்கும் கையின்கீழ் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் இரவு எளிதில் கழியும். தலையணை ஒன்று போதும். இரண்டு மூன்றை அடுக்குவது பிடரியை வளைக்கும்.

பயிற்சியை ஒருவர் அருகிலிருந்து கற்பித்தால்தான் கை பழகும். வெளியே செல்ல இயலாதவர்களுக்காகத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். செல்லும்போது, வலி எந்த நேரத்தில் எந்த வேலைக்குப் பின் வருகிறது என்று ஒரு வாரம் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.